பெரும்புள்ளி

வானகரம் மீன் மார்க்கெட்டில் ஞாயிறு விடிகாலையில் நடக்கிற சோதனைக்கு ஈடான ஆய்வுக்கூடம் நாட்டில் கிடையாது. எங்கள் தெரு அக்கா வஞ்சிரத்தின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்ப்பார். சிவப்பு வெளுத்திருந்தால், "முந்தாநேத்து மீனை எனக்கு விக்கிறியா?" என்று ஒரு கேள்வி. உடனே அடுத்த கூடை. மாதிரி, முடிவு, நடவடிக்கை மூன்றும் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

நெய்வேலியில் இதே வேலை வருஷக்கணக்கில் நடக்கிறது.

2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா என்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. நெய்வேலி நிறுவனமான என்.எல்.சி.யின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் சுற்றியுள்ள ஊர்களில் தண்ணீர் எடுத்துப் பார்த்ததில், வடக்கு வெள்ளூரில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல 250 மடங்கு. நிறுவனம் மறுத்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பிறகு குழு, மாதிரி, வாய்தா. 2025-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே தீர்ப்பாயத்திடம் சொன்னது: 17 நீர்நிலை மாதிரிகளில் 15-இல் பாதரசம் வரம்பைத் தாண்டியிருக்கிறது. லிட்டருக்கு 0.0012 முதல் 0.115 மில்லிகிராம் வரை. வரம்பு 0.001.

அந்த 0.115-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 115 மடங்கு என்று எழுதியிருந்தால் வயிறு கலங்கும். முன்னால் ஒரு சைபரும் புள்ளியும் போட்டாயிற்று, இப்போது குழந்தைக்குக் கொடுக்கும் இருமல் மருந்தின் அளவு மாதிரி சாதுவாகத் தெரிகிறது. இந்த நாட்டின் உண்மையான பெரும்புள்ளி தசமப்புள்ளிதான். வேறெந்தப் புள்ளியும் இத்தனை பேரைக் காப்பாற்றியதில்லை.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்திக்கொண்டு நிற்கிறது. ராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கமே மூழ்கும். இறைத்த நீர் பரவனாற்றிலும் வாலாஜா ஏரியிலும் போய்ச் சேர்கிறது, வயலுக்கும் பாய்கிறது. சுரங்க நீருக்கு அமில காரத் தன்மை 5.5 முதல் 9, லிட்டருக்கு மிதக்கும் துகள் 100 மில்லிகிராம், எண்ணெய்ப் பிசுக்கு 10 என்று வரம்புக் கணக்கு உண்டு. கலங்கலும் பிசுக்கும் கண்ணில் படுகிற குற்றங்கள். பாதரசமோ பளிங்கு மாதிரித் தெளிந்த தண்ணீரிலும் உட்கார்ந்திருக்கும், மீனுக்குள் ஏறி நரம்புக்குப் போகும். ஜப்பானின் மினமாட்டாவில் அப்படி வந்த பாதரச நோய் அதிகாரப்பூர்வமாகத் தெரியவந்தது 1956-இல். நெய்வேலி நிறுவனம் பிறந்ததும் அதே வருஷம். எழுபது வருஷம் பாடம் படிக்கப் போதாதுதான், பாவம்.

நிறுவனத்துக்கு அவசரமே தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அறிக்கை வந்ததற்கு முந்தைய மாதம், 2023 ஜூலை 26, வளையமாதேவியில் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, நின்ற நெற்பயிரின்மேல் பொக்லைன் இறங்கியது. அறுவடை வரைக்கும் பொறுக்க நேரமில்லையாம். தண்ணீர் போக வழி வெட்ட ஒரு விடியல் போதும். அந்தத் தண்ணீரில் என்ன போகிறது என்று சொல்லத்தான் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் வானகரத்துக்காரனுக்கு என்ன வந்தது? பக்கத்துப் போரூரில் வந்திறங்கும் வீராணத் தண்ணீர், நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் சுத்தம் செய்யப்பட்டுத்தான் நமக்கு வருகிறது. அந்த வட்டாரம் நமக்குக் கொடுத்தது சுத்திகரிப்பு நிலையம். அந்த வட்டாரத்து ஜனங்களுக்கு நாம் கொடுத்தது அறிக்கை. அந்தக் காலத்தில் ஊர்க் கிணற்றைக் கெடுத்தவனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவார்கள். இப்போது புள்ளி எண்ணுக்குள் போய்விட்டது, கழுதை சும்மா நிற்கிறது.

போன ஞாயிறு அக்காவிடம் இந்த ரெண்டு வருஷக் கதையைச் சொல்லி, 0.115 என்றேன். "சைபர்லதானே ஆரம்பிக்குது, கம்மிதானே?" என்றார். 115 மடங்கு என்றதும் கையிலிருந்த மீனைக் கூடையிலேயே போட்டார்.

"ரெண்டு வருஷமா அளந்தாங்கன்னு சொன்னியே தம்பி, அந்த ரெண்டு வருஷமும் அந்த ஊர்ப் பொம்பளைங்க எந்தத் தண்ணிய மொண்டாங்க?"