தங்களிடம் இடமில்லாதவை, எங்களிடம்

பெறுநர்:
உறுப்பினர்-செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், எழும்பூர்.

பொருள்: சென்னையில் இடமில்லாதவற்றைத் தாம்பரம் பக்கம் அனுப்பிவருவது – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாய்ச் சேர்த்து 2021இல் எங்களைத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். மேயர் உண்டு, 70 வார்டுகள் உண்டு. ஆனாலும் கல்யாண வீட்டில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் 'சென்னை' என்கிறோம். வாடகை பேசும்போது மட்டும் தாம்பரம்.

எங்கள் ஊரின் வரலாறு, தங்கள் ஊரின் இடநெருக்கடியின் வரலாறுதான். காசநோய்க்கு நல்ல காற்று வேண்டுமென்று டாக்டர் சௌரி முத்து 1928இல் இங்கே சானடோரியம் தொடங்கினார். அந்தக் காற்று இப்போது ஜி.எஸ்.டி. சாலையில் சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. 1931இல் கடற்கரையிலிருந்து கிளம்பிய மின்சார ரயில் தாம்பரத்தோடு நின்றது. 1937இல் பாரிமுனைப் பக்கமிருந்து கிறித்தவக் கல்லூரி குடிபெயர்ந்து வந்தது. வந்த எதையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை.

தங்கள் கைவண்ணத்துக்கு வருகிறேன். பாரிமுனையில் நெரிசல் என்று 2002இல் பேருந்து நிலையத்தைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனீர்கள். அங்கும் நெரிசல் என்று 2023 டிசம்பர் 30ஆம் தேதி எங்களையும் தாண்டிக் கிளாம்பாக்கத்தில் இன்னொன்றைத் திறந்தீர்கள். பக்கத்திலேயே ரயில் பாதை. திறந்தபோது ரயில் நிலையம்தான் இல்லை. ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க இன்னொரு பஸ் பிடிக்கும் பாக்கியம் சென்னைவாசிக்குக் கிடைத்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மூட்டை முடிச்சோடு அரைத் தமிழ்நாடும் பெருங்களத்தூர் சாலையோரம் நின்றதே, அந்த நிலையத்துக்குத் தங்களுக்குச் செங்கல் செலவுகூட இல்லை. அடுத்தது மதுராந்தகமா, நேரே விழுப்புரமா என்று இப்போதே சொன்னால், நாலு மனை வாங்கிப் போட்டுவிடுவோம்.

தண்ணீர் விஷயத்திலும் குறையில்லை. திருநீர்மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்பது தலபுராணம். இந்த மண்ணில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பது ஆழ்வார் காலத்திலேயே பதிவான தகவல். வரைபடத்தில்தான் அது ஏறவில்லை போலும். ஏரிக்கு நீர் வரும் வழியெல்லாம் மனைப்பிரிவு ஆனது. 2015 டிசம்பரில் எங்கள் பக்கத்து முடிச்சூர்த் தெருக்களில் படகு ஓடியது. ஆழ்வாராவது கரையில் நின்றார். முடிச்சூர்க்காரர் மொட்டைமாடியில் நின்றார்.

நாங்கள் புதிதாய் வந்தேறிய கூட்டம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எங்கள் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் முதலில் கிடைத்த அத்தகைய கருவி அது. அந்தக் கோடரிக்காரர் திட்ட அனுமதி வாங்கியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் குடியிருக்க மேட்டைத் தேர்ந்தெடுக்கும் புத்தி அவருக்கு இருந்திருக்கிறது.

ஆகவே ஒரே ஒரு விண்ணப்பம். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி வந்தது, கல்லூரி வந்தது, பேருந்து வந்தது. முடிவெடுக்கும் மேசை மட்டும் இன்னும் எழும்பூரிலேயே இருக்கிறது. நெரிசல் மிகுந்த அந்தக் காந்தி இர்வின் சாலையில் குழுமம் இன்னும் எத்தனை காலம்தான் கஷ்டப்படும்? முடிச்சூரில் தங்களுக்கு விசாலமான அலுவலகம் பார்த்து வைத்திருக்கிறோம். தரைத்தளம். அக்டோபருக்குள் குடிவந்தால், முதல் பருவமழையையே தவறவிடாமல் பார்க்கலாம். கோப்புகளை மட்டும் கீழ் அலமாரியில் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பெருநகரின் எல்லையில் வசிக்கும்,
தாம்பரம் மாநகரக் குடிமகன்