கழற்றி வைத்த நகல்

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் சம்பளக் கணக்கைத் தினமும் வன்தட்டில் நகல் எடுக்கிறோம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேருக்கு இன்னும் பயப்பட வேண்டுமா? (வாசகர், ரெம்பாவ்)

பதில்: வன்தட்டு எந்நேரமும் கணினியிலேயே செருகிக் கிடந்தால், பயப்படத்தான் வேண்டும். திருடன் கையிலேயே பீரோ சாவியைக் கொடுத்த கதைதான். 2017இல் ரேன்சம்வேர் வேடத்தில் வந்த நாட்பெட்யா, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் முக்கிய சர்வர்களை, ஒன்றுக்கொன்று நகலாக இருந்தும், அழித்தது; கானாவில் மின்தடையால் துண்டிக்கப்பட்டிருந்த ஒன்று மட்டும் தப்பியது. கிளவுட் இருக்கிறதே என்றால், பழைய பதிப்புகளைச் சேமிக்காத கிளவுட், பூட்டப்பட்ட கோப்பைத்தான் பத்திரமாக வைத்திருக்கும். பணம் கட்டலாமா? கட்டினாலும் கோப்பைத் திறக்கும் சாவி வரும் என்ற உத்தரவாதமில்லை. 2025 மார்ச்சில் மலேசிய விமான நிலைய நிறுவனத்திடம் ஹேக்கர்கள் 1 கோடி டாலர் கேட்டார்கள். பிரதமர் அன்வார் மறுத்தார். குலை வெட்டியவரின் கூலியும் இ.பி.எஃப். சேமநிதிச் சந்தாவும் உங்கள் சம்பளக் கோப்பில் இருக்கின்றன. அதனால் இரண்டு வன்தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். நகல் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒரு சம்பளச் சீட்டையாவது வேறு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள்.