திருவாதிரைக்காரனின் பல்லு

எங்கள் நெடுந்தீவில் வளவுக்கு வளவு கல்லு மதில். சாந்து கிடையாது, முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஆடு ஏறி ஒரு கல்லை விழுத்தினால் பக்கத்துக் கல்லும் ஆடத் தொடங்கும். என் வாயின் கதையும் அதுதான். ஐம்பத்தைந்தில் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினேன். அதற்குத் துணைபோவதுபோல மற்றவையும் ஒவ்வொன்றாய்க் கழன்று, அறுபத்தாறில் வாய் வெறும் வளவாகிவிட்டது.

முதலில் நான் அசையவில்லை. சோற்றைக் குழைத்துச் சாப்பிடலாம், ஒடியல் கூழைக் குடிக்கலாம். கைவிட்டது புழுக்கொடியல்தான். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த அந்தக் கட்டையைத் தேங்காய்ச் சொட்டோடு கடிக்காத பின்னேரம் எனக்குப் பின்னேரமே அல்ல. மனிசி இரக்கப்பட்டு உரலில் இடித்து மாவாக்கித் தந்தாள். கிண்ணம் நிறையத் தின்றும் தின்ற மாதிரி இல்லை. கடிக்கும்போது மண்டைக்குள் கேட்கிற 'நறுக்' அல்லவா அதில் பாதி ருசி!

ரொறன்ரோவிலிருந்து மகன் எடுத்தான். "அப்பா, இம்பிளான்ற் வையுங்கோ. காசுக்கு யோசியாதேங்கோ." தாடை எலும்பில் டைற்றேனியம் ஆணியை இறக்கினால் எலும்பு வளர்ந்து அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், 1965இல் சுவீடனில் பிரனெமார்க் என்பவர் இதை முதன்முதலில் ஒரு மனிதருக்குச் செய்துகாட்டினார். யாழ்ப்பாணத்து வைத்தியர் என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, "எலும்பு கரைஞ்சு போச்சு, மாஸ்ரர்" என்றார். பல்லுப் போனால் எலும்புக்கு வேலை இல்லை, தானாகவே குறையுமாம். குடியிருந்தவன் போன வீடு. எலும்பு ஒட்டி, ஆணி இறக்கிப் பல்லுப் பூட்ட அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் எனக்குப் பெகு அரசனின் ஞாபகம் வந்தது.

1560இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுத்து, புத்தரின் பல் என்று சொல்லப்பட்ட ஒன்றைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பர்மாவின் பெகு அரசன் அதற்குப் பெருந்தொகை தருவதாக ஆளனுப்பினான். மதகுருமார் சம்மதிக்கவில்லை, உரலில் இடித்துப் பொடியாக்கிவிட்டார்கள். உண்மையான பல் அவர்கள் கையில் அகப்படவே இல்லை, அது கண்டியில்தான் இருக்கிறது என்பது சிங்கள மக்களின் நம்பிக்கை. எது எப்படியோ, ஒரு பல்லுக்கு அந்த விலை கொடுக்க நான் பெகு அரசன் இல்லை. பொய்ப்பல்லுக்குத் தலையாட்டினேன்.

அளவெடுக்க ஒரு நாள், மெழுகில் பல்லை நட்டுப் பார்க்க ஒரு நாள், பூட்ட ஒரு நாள், உரஞ்சுகிற இடத்தை அராவ மூன்று நாள். ஒவ்வொரு முறையும் விடியப்புறம் வள்ளம், ஒரு மணித்தியாலக் கடல், குறிகட்டுவானில் இறங்கி பஸ். இவ்வளவு பயணத்துக்குக் காசியே போய் வந்திருக்கலாம்.

நிறம் தெரிகிற நாளில் மனிசியும் வந்திருந்தாள். வைத்தியர் பெயின்ற் கடை அட்டைபோல ஒரு பல்லு வரிசையை நீட்டினார். நான் ஆக வெள்ளையில் விரலை வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, கலியாணம் கட்டேக்கையே உங்கட பல்லு பலாச்சுளை நிறம். இப்ப ஆருக்குக் காட்ட?"

"மகன்ர காசு. தானம் குடுத்த மாட்டைப் பல்லுப் பிடிச்சுப் பாக்கக்கூடாது."

"மாடில்லை. இதைப் போட்டால் ஊர்க் குதிரையெல்லாம் இனசனம் எண்டு பின்னால வரும்."

நெடுந்தீவில் காட்டுக்குதிரைக்குக் குறைவில்லை. பலாச்சுளைக்கே சம்மதித்தேன்.

மேல்பல்லு மரியாதையான ஆள். அண்ணத்தோடு எச்சிலில் ஒட்டி, உறிஞ்சினாற்போல் நிற்கும். கீழ்ப்பல்லுக்குப் பிடிமானமில்லை. லாடம் மாதிரி முரசின்மேல் குந்தியிருக்கும். நாக்கு அசைந்தால் வள்ளம்போல் மிதக்கும். பூட்டிய அன்று பின்னேரமே புழுக்கொடியலை எடுத்தேன். முன்பல்லால் கடித்தேன், பின்பக்கம் கிளம்பியது. கடைவாயில் வைத்தேன், மற்றக் கரை எழும்பியது. 'நறுக்' கேட்டது உண்மைதான். உடைந்தது கிழங்கல்ல, என் முரசு. இரவில் கழற்றி மூக்குப்பேணித் தண்ணீரில் போட்டேன். எங்கள் அப்பு பால் குடித்த பேணி. விடிய அதற்குள்ளிருந்து பல்லு என்னைப் பார்த்துச் சிரித்தது.

தின்ன உதவாத பல்லு பேசவாவது உதவும் என்று ஆறுதல்பட்டேன். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பதைப் பழமொழியாக மட்டும் எடுக்கக்கூடாது. த, ந இரண்டும் மேல்பல்லின் அடியில் நாக்குநுனி படப் பிறக்கும், வ பல்லும் இதழும் சேரப் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் அப்போதே எழுதிவைத்துவிட்டார். இதை முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாத்தி நான். அந்த மூன்று எழுத்தும் சேர்ந்தால் என் ஊர்ப்பேர் என்று பல்லுப் போகும்வரை எனக்கு உறைக்கவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு... பல்லில்லாதவன் தீவான் என்றே சொல்லமுடியாது. ஒல்லாந்தர் நயினாதீவுக்கு ஹார்லெம் என்று தங்கள் ஊர்ப்பேரை வைத்தபோது, அவர்களில் யாரோ ஒரு பொக்கைவாய்க் கப்பித்தான் இருந்திருக்கவேண்டும். ஹார்லெம் எனக்குச் சுகமாய் வரும். எங்களுக்கு வைத்த டெல்ஃப்டில்தான் அந்த ஃப இடறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டனுக்கும் பொய்ப்பல்லுத்தான், நீர்யானைத் தந்தத்தில் செய்தது. 1793இல் அவர் இரண்டாம்முறை பதவியேற்றுப் பேசியது 135 சொல். காரணத்தைச் சரித்திரகாரர் தேடட்டும், எனக்குத் தெரியும்.

ஆனி மாதம் நாகபூசணி அம்மனின் திருவிழாவுக்குப் போனோம். குறிகட்டுவானில் நயினாதீவு வள்ளத்துக்கு மாறியபோது நல்ல அலை. தும்மினால் மகனின் காசு கடலுக்குள். பயத்தில் இரண்டையும் கழற்றி, லேஞ்சியில் சுற்றிச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தேன். கோயில் வாசலில் ஆண்கள் சேட்டைக் கழற்றவேண்டும். கழற்றி மனிசியின் பையில் திணித்தேன். அவள் பெண்கள் பக்கம் போய்விட்டாள், பல்லோடு.

ஐயர் வந்தார். பேர் கேட்டார். என் பேரில் அந்த மூன்று எழுத்தும் இல்லை, தப்பினேன்.

"நட்சத்திரம்?"

"ஹிருஆஹிரை."

"என்ன?"

"ஹிரு... ஆ... ஹிரை!"

"திருவோணமோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். நம் ஊரில் எந்த ஆட்டும் ஆம்தானே. ஐயர் திருவோணத்துக்கு நூற்றெட்டும் சொல்லி, தீபம் காட்டி, விபூதியும் தந்துவிட்டார்.

வள்ளத்தில் திரும்பும்போது மனிசி யோசித்துக்கொண்டே வந்தாள். "திருவோணம் ஆரப்பா எங்கட பக்கத்தில?"

எனக்குத் தெரியும். அடுத்த வளவு மச்சான். போன மாரிக்கு மதிலை ஒன்றரை அடி என் பக்கம் தள்ளி அடுக்கியவன்.

அன்று பின்னேரம் அவன் அந்த மதிலிலேயே குந்தியிருந்து, எழுபது வயதில், சொந்தப் பல்லால் புழுக்கொடியல் கடித்துக்கொண்டிருந்தான். நறுக், நறுக் என்று என் விறாந்தைவரை கேட்டது.

"அருச்சனை பலிச்சிருக்கு" என்றாள் மனிசி.