வேம்புக்கு ஒரு நோட்டீஸ்

மாசி பிறந்துவிட்டால் திசையன்விளைப் பக்கத்து வேப்பமரங்கள் எல்லாம் குற்றவாளிகள். பச்சை டப்பாவா நீல டப்பாவா என்று பார்க்காமல் ராப்பகலாகச் சருகைக் கொட்டுகின்றன. பனை இன்னும் மோசம். நடுச்சாமத்தில் தகரக் கொட்டகை மேல் காவோலையைத் தொப்பென்று போட்டுத் தெருவையே எழுப்பிவிடும். முருங்கையைக் கவாத்து செய்தாலோ வாசலில் ஆள் உயரத்துக்குக் கொம்பு.

இவ்வளவு பாவத்துக்கும் வீட்டுக்காரன்தான் பொறுப்பு என்றன 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள். தோட்டக் கழிவைத் தன் வளாகத்துக்குள்ளேயே தனியாகச் சேர்த்து வைத்து, உள்ளாட்சி அவ்வப்போது சொல்கிறபடி அப்புறப்படுத்த வேண்டும். தெருவில் போடாதே, கொளுத்தாதே, புதைக்காதே, வாறுகாலில் தள்ளாதே. போகட்டும், குப்பை எடுக்கக் கட்டணமும் கட்டு.

அவ்வப்போது சொல்கிறபடியாம்! யார் சொன்னார்கள்? தமிழ்நாட்டில் நானூற்றுச் சொச்சம் பேரூராட்சிகள் உண்டு. ஏதாவது ஒன்றில் குப்பை வண்டியை மறித்து, தென்னை மட்டையை எங்கே போட என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் சீமை என்றால், "அண்ணாச்சி, மட்டைய ஏத்துனா எங்களத்தான் ஏசுவாவ" என்பார் வண்டியோடு வருகிற அம்மா. அவரைக் குறை சொல்லி என்ன ஆக? அந்த பேட்டரி வண்டியில் நாலு மட்டையை ஏற்றினால் அப்புறம் ஒரு வீட்டுக் குப்பைக்கும் இடமிருக்காது.

இந்தத் தேரி மண்ணில் இதெல்லாம் குப்பையாக இருந்ததே கிடையாது. குருத்தோலை பெட்டியாச்சு, கடவமாச்சு. பனைமட்டை வேலிக்குப் போச்சு. காவோலை கருப்பட்டி காய்ச்சும் அடுப்புக்குள் போச்சு. குழையை ஆடு தின்றது, ஈர்க்கு விளக்குமாறாச்சு, சாம்பல் தென்னை மூட்டுக்குப் போச்சு. இப்போது அஞ்சு சென்ட் மனையில் நாலே முக்கால் சென்ட்டுக்கு பேவர் பிளாக் பதித்துவிட்டு, மிச்சக் கால் சென்ட்டில் ஒரு முருங்கையை நட்டுவைத்து, சருகு புதைக்கக் குழி தோண்ட இடமில்லையே என்று நாமும்தான் அழுகிறோம். நமக்கும் ரெண்டு வைக்க வேண்டியதுதான்.

சரி, கொளுத்திவிடலாமா? 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000. புகை கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நெல்லை இராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு எத்தனை கோடையில் தீப்பிடித்துப் புகைந்திருக்கிறது! ஊரே இருமியது. அந்த 25,000-க்கு யார் பெயரில் ரசீது போடுவது? காற்றின் பெயரிலா, வெயிலின் பெயரிலா?

2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஊசியும் மருந்துக் குப்பியும் நோயாளிகளின் சீட்டும் லாரியேறி, மாநில எல்லையைத் தாண்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள்வரை சுகமாக வந்து சேர்ந்திருக்கின்றன. பசுமைத் தீர்ப்பாயம் அதட்டிய பிறகுதான் கேரளம் லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அத்தனை சோதனைச் சாவடிக்கும் கண் தெரியவில்லை. நம் வாசலில் கிடக்கிற முருங்கைக் கொம்பு மட்டும் சட்டத்தின் கண்ணில் உறுத்துகிறது.

'எனது குப்பை எனது பொறுப்பு' என்று 2022-இல் ஊர் ஊராக உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். அதே ஆண்டுதான் பேரூராட்சி வீடுகளுக்கும் சொத்து வரியை 25 முதல் 100 சதவீதம் வரை ஏற்றினார்கள். என் குப்பைக்கு நான் பொறுப்பு, என் வரிக்கு? அது போதாதென்று தனியாகக் குப்பைக் கட்டணம். சென்னையில் 2021 ஜனவரி முதல் வீட்டுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் என்றார்கள். தேர்தல் வாசலுக்கு வந்ததும் அந்தக் கட்டணம் கொல்லைப்புறமாக ஓடிவிட்டது. சென்னைக்காரனின் ஓட்டுக்கு அவ்வளவு மவுசு.

இங்கிலாந்தில் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. பர்மிங்காம் மாநகராட்சி 2014-இல் தோட்டக் கழிவுக்கு ஆண்டுக்கு 35 பவுண்டு கேட்டது. அங்கேயும் ஜனங்கள் கத்தினார்கள். ஆனால் காசுக்கு ஒரு தனித் தொட்டி, அதை எடுக்க ஒரு வண்டி, ஒரு கிழமை என்று கணக்கிருந்தது. நம்மவர்கள் வெள்ளைக்காரனிடமிருந்து ரசீதுப் புத்தகத்தை மட்டும் இறக்குமதி செய்வார்கள். கட்டிய காசு அள்ளுகிறவர் கைக்காவது போகுமா? 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் போலீஸை விட்டு அப்புறப்படுத்தினார்கள். குப்பையைக்கூட இவ்வளவு சுருக்காக எந்த அரசும் அள்ளியதில்லை.

கட்டணம் கேட்டு வருகிறவர் வரட்டும், கட்டுகிறோம். மட்டை நொறுக்குகிற மெஷின் எங்கே நிற்கிறது, வண்டி என்ன கிழமை வரும், எங்கள் சருகு எந்தக் குழியில் உரமாகி யார் விளைக்குப் போனது என்பதை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அதுவரை நோட்டீஸை வேப்பமரத்தில் ஒட்டிவிட்டுப் போகலாம், ஆணி நாங்களே தருகிறோம்.