பீரங்கியில் வைத்துச் சுட்ட சம்பளம்

பினாங்கில் கவர்மெண்ட் முதன்முதலாக ஆள் எடுத்த கதையை ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். 1786இல் கேப்டன் பிரான்சிஸ் லைட் கப்பலைவிட்டு இறங்கினார். எதிரே காடு. வெட்ட வந்தவர்கள் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள், கையிலிருந்த பாராங் கத்தியைப் பார்த்தார்கள், நிழலாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். லைட் யோசித்தார். பீரங்கி வாயில் வெள்ளிக்காசுகளைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டார். அவ்வளவுதான், காசு தேடிய கைகள் காட்டையே மழித்துவிட்டன. விண்ணப்பப் பாரம் கிடையாது, சான்றிதழ் நகல் கிடையாது, நேர்முகத் தேர்வு கிடையாது. சம்பளம் மட்டும் முன்கூட்டியே, அதுவும் பீரங்கி வேகத்தில்.

நடந்ததா என்று கேட்காதீர்கள். கட்டுக்கதையாகத்தான் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காசைக் கையில் எண்ணிக் கொடுக்கவே அழுவான். ஆனாலும் ரிங்கிட்டை இன்றுவரை நாம் ‘வெள்ளி’ என்றுதானே சொல்கிறோம்? யாரோ சுட்ட காசை இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்கொரு சந்தேகம்.

உண்மையில் நடந்த கூத்து 1805இல்தான். கல்கத்தா, சென்னை, பம்பாய் என்ற மூன்று பெரிய மாகாணங்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு நாற்காலி போட்டு, அதில் பினாங்கை உட்காரவைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. தீவின் பரப்பு 293 சதுர கிலோமீட்டர். எதிர்க்கரையில் ஒரு துண்டு நிலமும் உண்டு. இதற்கு ஒரு கவர்னர், ஆலோசனை சபை, செயலாளர், துணைச் செயலாளர், இன்னும் பரிவாரங்கள். கடற்படைத் தளம் வரும், கப்பல் கட்டும் துறை வரும் என்று கணக்குப் போட்டார்கள். கப்பல் துறை வருவதற்குள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள்.

கவர்னர் பிலிப் டண்டாஸ். எப்படி வந்தார் என்று கேட்டால் அவருடைய சித்தப்பாவைப் பார்க்க வேண்டும். சித்தப்பா ஹென்றி டண்டாஸ், இந்திய விவகாரங்களைக் கவனிக்கும் கண்ட்ரோல் போர்டில் பல வருஷம் தலைவராக இருந்தவர். இந்தியாவை ஸ்காட்லாந்துக்காரர்களால் நிரப்புகிறார் என்று அந்தக் காலத்திலேயே அவரைக் கேலி செய்தார்கள். 1806இல் கடற்படைப் பணத்தில் முறைகேடு என்று பிரபுக்கள் சபையில் வழக்கு நடந்து விடுதலையும் ஆனார். நம் ஊர்களில் சித்தப்பா இருந்தால் பஞ்சாயத்து ஆபீசில் வாட்ச்மேன் வேலை கிடைக்கும். சித்தப்பாவிலும் தரம் இருக்கிறது.

கீழ்மட்டத்திலும் இதே கதைதான். கம்பெனியில் எழுத்து வேலைக்குச் சேரும் பையனுக்கு ‘ரைட்டர்’ என்று பெயர். தமிழ்நாட்டுப் போலீஸ் ஸ்டேஷனில் இன்றும் ஒரு ரைட்டர் உட்கார்ந்திருப்பார், பேனாவைவிட அதிகாரம் கனமாக. லண்டனில் ஒவ்வொரு டைரக்டருக்கும் இத்தனை ரைட்டர், இத்தனை கேடட் என்று பங்கு இருந்தது, வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம். விற்கக்கூடாது. விற்கக்கூடாது என்று சட்டம் போட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது. 1809இல் நாடாளுமன்றமே குழு போட்டு விசாரிக்கும் அளவுக்கு நடந்தது.

பினாங்குக்கு வந்த பட்டாளத்தில் துணைச் செயலாளராக ஓர் இளைஞர் இருந்தார். பதினாலு வயதில் லண்டன் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். லண்டனில் வருஷச் சம்பளம் 70 பவுன். பினாங்கில் 1,500. இருபது மடங்குக்கு மேல்! வயிறு எரிந்தவர்கள், கல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் செல்வாக்கில் கிடைத்த வேலை என்று வம்பு பேசினார்கள். அவர் மறுத்தார். வம்பை விடுங்கள், அந்த மனிதர் கப்பல் பயணத்திலேயே மலாய் படிக்கத் தொடங்கிவிட்டார். போகிற ஊரில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று விசாரித்த அதிகாரி! பெயர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ். வேலை தெரிந்த ஆள் தவறிப்போய்க் கிடைத்தால் என்ன ஆகும்? 1819இல் சிங்கப்பூர் போய் எதிர்க்கடை போட்டுவிட்டார். பினாங்கு வியாபாரம் அங்கே நகர்ந்தது. வரவு எட்டணா, செலவு பத்தணா என்று இழுத்துக்கொண்டிருந்த மாகாணத்தை 1830இல் கலைத்துவிட்டு, வங்காளத்தின் கீழ் ஒரு சில்லறைக் கிளையாக்கினார்கள். கப்பல் துறை கடைசிவரை வரவில்லை.

இத்தனை துரைமார் சாரட்டில் போக ரோடு வேண்டுமே, அதை யார் போட்டது? அதற்கு ஆள் எடுத்தது இந்தியாவின் நீதிமன்றங்கள். 1790 வாக்கிலிருந்து வங்காளத்துக் கைதிகள் வந்தார்கள், பிறகு சென்னைப் பக்கத்துக் கைதிகளும். மலாய்க்காரர்கள் ‘ஓராங் ராந்தாய்’ என்றார்கள், சங்கிலி ஆட்கள். ஆயுள் தண்டனை என்றால் நிரந்தர உத்தியோகம், ஏழு வருஷம் என்றால் ஒப்பந்த உத்தியோகம். நன்னடத்தை காட்டினால் சங்கிலி கழன்று பதவி உயர்வு: மற்றக் கைதிகளுக்கு இவரே காவலர். கேலிக்குச் சொல்லவில்லை, கைதிகளே தங்களுக்கு வார்டர்கள் என்ற பொருளில் பெயரிட்டு மெக்நேர் என்ற அதிகாரி 1899இல் புத்தகமே எழுதினார். சித்தப்பா இல்லாமல், உழைப்பால் மட்டுமே மேலே வந்தவர்கள் அந்தக் காலத்து அரசாங்கத்தில் இவர்களாகத்தான் இருக்கும்.

பிற்பாடு அதிகாரி வேலைக்கு லண்டனில் பரீட்சை வந்தது. பரவாயில்லையே என்று கிட்டப் போய்ப் பார்த்தால், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், தாய் வழி தந்தை வழி இரண்டிலும் சுத்த ஐரோப்பிய ரத்தம் இருந்தால்தான் உட்காரவே முடியும் என்றார்கள். நமக்குக் கிராணி மேசை.

ராணுவக் கதை ஒன்றும் உண்டு. 1871 வாக்கில் பினாங்குப் போலீஸ் தலைவராக வந்தவர் கேப்டன் ஸ்பீடி. ஆறடியைத் தாண்டி நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். பக்கத்துப் பேராக்கின் லாருட்டில் ஈயத்துக்காகக் கீ ஹின், ஹாய் சான் என்ற சீனக் கோஷ்டிகள் வெட்டிக்கொண்டிருந்தன. அந்த ஊர் மந்திரி ஙா இப்ராஹிம், ‘வேலையை விட்டுவிட்டு எனக்குப் படை சேர்த்துக் கொடு’ என்று கூப்பிட்டார். 1873இல் ஸ்பீடி ராஜினாமா செய்து இந்தியாவுக்குக் கப்பலேறினார். பஞ்சாப் பக்கம் 110 பேரைப் பொறுக்கி எடுத்து, க்ருப் பீரங்கிகளோடு லாருட்டில் வந்து இறங்கினார்.

சில மாதம்தான். 1874 ஜனவரி 20இல் பங்கோரில், புளூட்டோ என்ற அரசாங்கக் கப்பலில் பிரிட்டிஷாருக்கும் பேராக் பிரமுகர்களுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. லாருட்டுக்கு ஓர் உதவி ரெசிடெண்ட், அதாவது பிரிட்டிஷ் ஆலோசகர், வேண்டும் என்றார்கள். அனுபவமுள்ள ஆள் யார் என்று தேடினார்கள். ராஜினாமா செய்த ஸ்பீடி அங்கேயே, 110 சிப்பாய்களோடு தயாராக நின்றுகொண்டிருந்தார்.