விடுப்பு விண்ணப்பத்துக்கும் செர்ரி மலர்ச்சிக்கும் உள்ள உறவு: டோக்கியோவை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

பூப் பார்க்கும் பயணத்தில் இரு தரப்பினர் உண்டு: விடுப்பு கேட்பவர் ஒருவர், பூக்கும் மரம் மற்றொன்று. முன்னவர் விமானச் சீட்டை டிசம்பரிலேயே எடுத்தாக வேண்டும். பின்னது தன் முடிவை மார்ச் பாதிவரை யாரிடமும் சொல்வதில்லை. இவ்விரு தேதிகளையும் இணைத்துவைப்பது எப்படி என்பதே இங்கு ஆய்வுப் பொருள். முறையியல், நம் அகத்திணை மரபு.

1. முதற்பொருள்

நிலம்: உவேனோ பூங்கா, சிடோரிகாஃபுச்சி அகழிக்கரை, மெகுரோ ஆற்றங்கரை. சிக்கல் பொழுதில்தான். தமிழ் மரபில் இளவேனில் சித்திரையில் பிறக்கிறது. டோக்கியோ மரங்களோ பங்குனியிலேயே, பின்பனி முடியுமுன், பூத்துவிடுகின்றன. இதை வழு என்பதா, வழுவமைதி என்பதா? 2020-இல் மார்ச் 14 அன்றே அங்கு முதல் பூ அறிவிக்கப்பட்டது. மார்ச் 29 அன்று, பூத்துக் குலுங்கிய மரங்கள்மீது பனி கொட்டியது. பின்பனி என்று வகுத்தவர்கள் பக்கமே தீர்ப்பு.

2. கருப்பொருள்

மரம், சோமெய் யோஷினோ. எடோ காலத்தின் இறுதியில் சோமெய் என்ற சிற்றூரின் நாற்றுப்பண்ணைக்காரர்கள் பரப்பிய கலப்பினம். இதை விதை போட்டு வளர்ப்பதில்லை, ஒட்டுக்கட்டியே பெருக்குகிறார்கள். ஆகவே ஊரெங்கும் நிற்பவை மரபணுவில் ஒரே மரத்தின் நகல்கள். ஒரே வெயிலுக்கு ஒரே நேரத்தில் மயங்குபவை. ஒரு மரத்தைக் கண்காணித்தால் நகரையே கண்காணித்ததாகிறது.

அந்த ஒரு மரம் யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. வானிலை முகமை அதிகாரி வந்து அண்ணாந்து எண்ணுவார். சுற்றிலும் தொலைக்காட்சிக் கேமராக்கள். ஐந்தாறு பூ விரிந்திருந்தால் டோக்கியோவில் செர்ரி பூத்துவிட்டது. நான்கு என்றால் பூக்கவில்லை. கண்ணெதிரே இருக்கும் அந்த நான்கும் அரசுக் கணக்கில் மொட்டுகளே. மொட்டுகளில் எண்பது விழுக்காடு மலர்ந்தால் முழு மலர்ச்சி; இது சுமார் ஒரு வாரம் கழித்து வரும். பிறகு ஒரு மழையும் காற்றும் சேர்ந்தால் கதை முடிந்தது.

பறவை, காகம். உணவு, மூன்று நிற அரிசி உருண்டை கோத்த குச்சி. யாழும் பறையும் இருக்க வேண்டிய இடத்தில் நீல நிற பிளாஸ்டிக் விரிப்பு.

3. உரிப்பொருள்

ஐயத்துக்கு இடமின்றி, இருத்தல். ஜப்பானில் புதிய நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் அன்றே வருகிறார்கள். மேலதிகாரிகள் மாலையில் வந்து மரத்தடியில் அமர்ந்து மது அருந்த, இளையவர் ஒருவர் காலையிலேயே விரிப்பைப் போட்டு இடம் பிடித்துக் காத்திருப்பது அங்குள்ள அலுவலக வழக்கம். முல்லைத் தலைவி கார்காலத்துக்குக் காத்திருந்தாள். இவர் ஆறு மணிக்குக் காத்திருக்கிறார்.

4. முன்கணிப்பு

பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால், 600 டிகிரியைத் தொடும்போது டோக்கியோவில் பூக்கும் என்பது அங்கு வழங்கும் கணக்கு. பிப்ரவரியில் நாளுக்குச் சராசரியாகப் பதினொன்று வீதம் சுமார் முந்நூறு. மீதியை மார்ச் அடைக்கும். அழகான கணக்குதான், ஆனால் டிசம்பரில் சீட்டு எடுத்தவருக்கு இதனால் பயனில்லை.

அரசே முன்பு தேதி கணித்துச் சொன்னது. 2007-இல் கணினிக் கோளாறால் டோக்கியோ உள்ளிட்ட நான்கு இடங்களின் தேதி பிசகிவிட, வானிலை முகமை மன்னிப்புக் கேட்டது. 2010 முதல் அந்தப் பொறுப்பைத் தனியார் நிறுவனங்களிடம் விட்டுவிட்டு, பூத்தபின் அறிவிப்பதோடு நிறுத்திக்கொண்டது.

பழைய தரவு உதவுமா? கியோட்டோவில் 9-ஆம் நூற்றாண்டு தொட்டு அரசவை நாட்குறிப்புகளில் செர்ரி விருந்துகள் பதிவாகியுள்ளன. அவற்றைத் தேடித் தொகுத்தவர் ஆய்வாளர் யாசுயுகி ஆவோனோ. அத்தொகுப்பில் மிக முந்திய முழு மலர்ச்சி 1409-இன் மார்ச் 27 ஆக இருந்தது; 2021-இல் மார்ச் 26 அதை முறியடித்தது. 600 ஆண்டுகளாக நின்ற தேதியையே மரம் மதிக்கவில்லை. மேலாளர் கையெழுத்திட்ட தேதி எம்மாத்திரம்?

5. முடிபுகள்

தேதியை அசைக்க முடியாதபோது ஊரை அசைப்பதே வழி. மலர்ச்சி வடக்கு நோக்கி நகர்கிறது. டோக்கியோவைத் தவறவிட்டவர் ஏப்ரல் முற்பாதியில் செண்டாய் போகலாம். ஏப்ரல் பிற்பாதியில் ஹிரோசாகி கோட்டை. அதற்கும் பிந்தினால் ஹொக்கைடோ. நகரை விட்டு அசையாதவருக்கு ஷின்ஜுகு கியோயென் தோட்டம் இருக்கிறது. அங்கு பல வகைச் செர்ரிகள் முறைவைத்துப் பூக்கின்றன, அடுக்கிதழ் வகைகள் ஏப்ரல் பிற்பகுதிவரை தாங்கும். மது மட்டும் தடை.

ஒரு புறனடை. செர்ரி மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகி உறங்குகிறது. அதை எழுப்பக் குளிர் வேண்டும், எழுந்தபின் வளர வெயில் வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஒகினாவா தீவுகளில் குளிரே தட்டுப்பாடு. குளிர் முதலில் எட்டுவது வடபகுதியை. ஒகினாவாவின் செர்ரி இனம் ஜனவரியிலேயே பூக்கிறது; ஆகவே பூப்பதும் வடக்கிலிருந்து தெற்காக. ஜனவரியில் விடுப்புக் கிடைப்பவர்கள் மேற்கண்ட முடிபுகள் அனைத்தையும் தலைகீழாக வாசித்துக்கொள்க.