காம்பேக்ட் மெக் இலக்கணம்

பாயிரம்

திரையும் கணினியும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய மெக்கின்டாஷ்களைக் காம்பேக்ட் மெக் என்ப. 1984இல் ஆப்பிள் தொடங்கிய குலம் இது. இன்றும் இவற்றைப் பிரித்து மேம்படுத்துவோர் உளர். அவர்தம் வகையும், அவர்தம் பெட்டி எழுப்பும் ஒலியின் வகையும் உரைப்பது இந்நூல். கேட்டற்கு உரியார் யாரெனின், டி15 டார்க்ஸ் முனை கொண்ட நீண்ட திருப்புளி உடையார். அஃதில்லார்க்குப் பெட்டி திறவாது.

ஆள்வகை

மேம்படுத்துவோர் நால்வர்: பெருக்குவோர், பெயர்ப்போர், குடைவோர், காப்போர்.

பெருக்குவோர் நினைவகம் கூட்டுவோர், மூத்த குடியினர். முதல் மெக்கின் 16 நினைவகச் சில்லுகளை எடுத்துவிட்டு, நான்கு மடங்கு கொள்வனவற்றைப் பற்றவைத்து, 128 கேபியை 512 ஆக்கும் முறையை 1985 ஜனவரியிலேயே டாக்டர் டாப்ஸ் ஜர்னல் அச்சிட்டது. இவர்தம் வழித்தோன்றல்கள் எஸ்இ/30 என்னும் பிந்தைய மெக்கில் 128 எம்பி நிரப்புவர். அதன் ரோம் சில்லோ 8 எம்பிக்கு மேல் கண்டுகொள்ளாது. மோட்32 மென்பொருளைப் போட்ட பிறகே மீதியை மதிக்கும். அத்தனை இடத்திலும் இவர் திறப்பது ஒரு கடிதம் மட்டுமே.

பெயர்ப்போர் மூளையையே மாற்றுவோர். 1993இல் வந்த கலர் கிளாசிக்கின் போர்டு, பின்புறம் இழுத்தால் மேசையறை போல வெளியே வரும். அவ்விடத்தில் எல்சி 575 என்னும் மற்றொரு மெக்கின் போர்டைச் செருகினால் 16 மெகாஹெர்ட்ஸ் 33 ஆகும். இதற்கு மிஸ்டிக் என்று பெயர். ஏறிய வேகத்தை எதற்குச் செலவிடுவது என்பது இவர் ஆராயாத இயல்.

குடைவோர் உள்ளதெல்லாம் அகற்றி, கண்ணாடித் தொட்டி வைத்து, மீன் விடுவோர். அதனை மெக்குவேரியம் என்ப. இவரை மேம்படுத்துவோருள் சேர்க்கலாமோ எனின், உயிரில்லாப் பெட்டிக்கு உயிர் அளித்தமையால் சேர்க்கலாம்.

காப்போர் ஒரு திருகாணியும் மாற்றார். அவரைப் பின்னர் மறுப்போம்.

ஒலிவகை

ஒலியும் நான்கு: ஓதும் ஒலி, உழைக்கும் ஒலி, கேளா ஒலி, இல்லா ஒலி.

ஓதும் ஒலி ஸ்பீக்கர் வழி வருவது. முதல் மெக் நொடிக்குச் சுமார் 22,255 மாதிரிகளை, 8 பிட்டில், மோனோவாக ஓதியது. இவ்வெண் எங்ஙனம் வந்ததெனின், திரையில் கிடைக்கோடு ஒன்று முடியும்தோறும் நினைவகத்திலிருந்து ஒரு பைட் ஒலிக்குச் சென்றது. கோட்டின் கணக்கே பாட்டின் கணக்கு. 1989இன் எஸ்இ/30க்குத் தனி ஒலிச் சில்லும் ஸ்டீரியோவும் வாய்த்தன. வாய் இருந்தும் இக்குலத்துக்குத் தொடக்கத்தில் காது இல்லை. 1991இன் கிளாசிக் II தான் மைக்கோடு பிறந்தது. அதற்கு முன் கேட்க விரும்பியோர் சீரியல் போர்ட்டில் மெக்ரெக்கார்டர் மாட்டினர்.

உழைக்கும் ஒலி விசிறியும் வட்டும் எழுப்புவது. மெக் பிளஸுக்கு விசிறி இல்லை. சூடு போக்க அதன் தலையில் அட்டைப் புகைபோக்கி வைத்தாரும் உளர். 1987இன் எஸ்இ விசிறி பெற்றது. தொடக்ககால எஸ்இயின் விசிறி இரைச்சலுக்குப் பேர்போனது. இன்றைய மேம்படுத்துவோர் ஓசையில்லா விசிறி பூட்டி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் புளூஸ்கஸி பலகையில் எஸ்டி கார்டு செருகுவர். பிறகு பழைய கறகறப்புக்கு ஏங்கி, வட்டின் ஓசையைப் போலி செய்யும் சிறு கருவி வாங்குவர். ஓசை போகவும் காசு, வரவும் காசு.

கேளா ஒலி படக்குழாயை இயக்கும் சுற்றின் கீச்சு. இதுவும் 22 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. மனிதச் செவியின் எல்லை 20. ஆதலால் இவ்வொலிக்கு வீட்டு நாயே சான்று.

இல்லா ஒலி கெப்பாசிட்டர் கசிவால் வருவது. எஸ்இ/30இன் போர்டில் பற்றவைத்த சிறு அலுமினியக் கெப்பாசிட்டர்கள் முதுமையில் கசியும். ஒலி மெலியும், பின் அடங்கும், திரையில் வரிகள் தோன்றுதலும் உண்டு. அவற்றைக் கழற்றி, கசிவைக் கழுவி, டான்டலம் வகை வைப்பதே மருந்து. சால்டரிங் அயர்ன் பட்டதும் மீன்நாற்றம் எழும். குடைவோர் வீட்டில் மீன். கெப்பாசிட்டர் மாற்றுவார் வீட்டில் அதன் நாற்றம்.

மறுப்பு

ஆலையிலிருந்து வந்தவாறே இருத்தல் வேண்டும் என்பது காப்போர் கொள்கை. அது பொருந்தாது. 1984 ஜனவரி 24 அன்று மேடையில் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்ட மெக், விற்பனைக்கு வந்த 128 கேபி மெக் அன்று. 512 கேபி கொண்ட முன்மாதிரி. பேச்சு அடங்கிய அக்காட்சிக்கு 128 போதவில்லை. போர்டை வடிவமைத்த பர்ரல் ஸ்மித்தும் 512க்கான வழியை அதில் முன்பே வைத்திருந்தார். ஆகவே மேம்பாடு பிறவிக்குணம். அதுவும் ஒலியின் பொருட்டு வந்தது. இதற்குக் காப்போர் தரும் விடை இல்லா ஒலியுள் அடங்கும்.

முடிபு

நால்வகையாருக்கும் பொதுவான கடமை ஒன்றே. பிளஸுக்குப் பின்புறச் சிறு கதவிலும், எஸ்இ/30க்குப் போர்டின் மேலும் ஒரு பேட்டரி இருக்கும். அது கசிந்தால் போர்டையே தின்றுவிடும்; பிறகு ஓதவும் உழைக்கவும் எதுவும் எஞ்சாது. வேறெதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், அதை இன்றே கழற்றிவிடுங்கள்.